துடைக்கும் இடத்தில் வைத்த குரல்

தம்பி,

இது உனக்கு எழுதலாம் என்று ஆரம்பித்த கடிதம் இல்லை. இங்கே கணினி வேலையில் இருக்கும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் நம் குழுவில், "அக்கா, ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்ல ஃபைல், ஃபோல்டரெல்லாம் எப்படிப் பிரிச்சு வைக்கணும்னு தமிழ்ல ஒரு கட்டுரை குடுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல" என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆபீசில் இதே பாட்டைத்தானே பாடிக்கொண்டிருக்கிறேன், உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் வரியிலேயே நீ வந்து நின்றாய். அழித்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன், மறுபடியும் நீதான் வந்தாய். சரி, உனக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். பெற்ற அம்மா கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தக் குழுவில் வருவதை ஒன்று விடாமல் படிப்பாய், அது எனக்குத் தெரியும். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று கோபம் வரும். வரட்டும். போனை எடுத்திருந்தால் இதற்கு அவசியமே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மெல்பர்ன் போகிறாயாம். தனியாகப் போகிறாயாம். இதை எனக்குச் சொன்னவள் உன் மனைவி ஷாலினி. அவளுக்கும் நீ சொல்லவில்லை, ஃபேரர் பார்க்கில் உனக்கு இடம் கொடுத்திருக்கும் உன் சிநேகிதன் மனசு கேட்காமல் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. அதற்குள் நீ ஃபேரர் பார்க்கில், ஷாலினி சுவா சூ காங்கில் அவள் அம்மா வீட்டில், நான் புக்கிட் பாஞ்சாங்கில் மூன்று பேருக்கென்று வாங்கிய வீட்டில் ஒருத்தியாக. இத்தனைக்கும் காரணம் ஒரு ஃபோல்டர் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் குழுவில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அவர்களுக்காக உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். வீட்டிலும் அந்தக் குரல்தான், லிஃப்டில் அவர் போன் பேசினால் எந்த மாடியில் வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, பக்கத்தில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார்: ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டிய வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு பொத்தானை அழுத்தினால் அவரே பேசுவது போல இருக்கும். வீட்டில் நானும் முன்பக்கம், அதாவது திரையில் தெரிகிற பாகத்துக்கு நிரல் எழுதுகிறவள், நீயும் அதே வேலை. திரையில் பொத்தான் வைத்துச் சத்தம் வரவைப்பது நமக்கு ஒரு வேலையா? அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்ததும் சண்டை. நான் பழைய காலத்து ஆள், வகை பார்த்துப் பிரிப்பேன். பொத்தான்கள் எல்லாம் கம்போனென்ட்ஸ் என்ற ஃபோல்டரில், நிறமும் அளவும் ஸ்டைல்ஸில், ஒலி எல்லாம் சவுண்ட்ஸில். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ம்மா, சாப்பாட்டுக்கு ஒரு ஃபோல்டர், வலிக்கு ஒரு ஃபோல்டர். அதோட பட்டன், கலர், அப்பா வாய்ஸ் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கணும். நாளைக்கு வலி பக்கம் வேணாம்னா அந்த ஒரு ஃபோல்டர தூக்குனா போதும். உன் ஸ்டைல்ல வச்சா மூணு எடத்துல தேடணும் லா" என்றாய். நான் விடவில்லை. பொதுவான பொத்தானை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். "காமன்" என்றாய். அந்தக் காமன் ஃபோல்டர் டிவிக்குக் கீழே இருக்கும் நம் இழுப்பறை மாதிரிதான் ஆகும், பழைய சார்ஜரும் சில்லி சாஸ் பாக்கெட்டும் செத்துப்போன பேட்டரியும் அதில்தான் சேரும், போட்டவனுக்கே எதைப் போட்டோம் என்று தெரியாது என்றேன். அப்பா சோஃபாவில் சாய்ந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்க வேணா வைங்கப்பா. நான் அமுக்குனா சத்தம் வரணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றார்.

அதுதான் சங்கதி. அமுக்குகிறவருக்கு ஃபோல்டர் எதற்கு? உள்ளே எதை எங்கே வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவும் வேண்டாம். நாம் பிரித்து வைப்பதெல்லாம் நமக்குப் பிறகு வந்து அதில் கை வைக்கப்போகிறவருக்காக. நம்மிடம் கேட்க முடியாத நேரத்தில் அவர் ஃபோல்டரின் பெயரைப் பார்ப்பார், பெயரை நம்பித்தான் வேலை செய்வார். உன் முறை சரி, என் முறை சரி என்று அன்று அவ்வளவு கத்தினோமே, இரண்டில் எதுவாக இருந்தாலும் பெயரும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போனால் போதும். சின்ன ப்ராஜெக்டுக்கு என் முறை ஓடும், வளர வளர உன் முறைதான் தாங்கும். அன்று உன்னிடம் தோற்றுப்போனேன். தோற்றதில் சந்தோஷமாகத்தான் இருந்தது, வாய் திறந்து சொல்லவில்லை.

சாப்பாடு, வலி, வீடு, வெளியே, கல்யாணம் என்று ஃபோல்டர்கள் வைத்தாய். கல்யாணம் அப்பா கேட்டு வாங்கியது. "இவன் கல்யாணத்துல நான் பேசணும். அதுக்கும் ஒரு பட்டன் போடு" என்றார். உனக்கு அப்போது பெண்ணும் இல்லை, பேச்சும் இல்லை. நீ சிரித்தாய். அதைப் பதிவு செய்யும்போது உன்னைக் கீழே காப்பிக்கடைக்குப் பார்சல் வாங்க அனுப்பிவிட்டார். அறையில் அவரும் நானும் மட்டும். உன் போனை நான்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்றுதான் நீ கேட்க வேண்டும், அதற்கு முன்னால் திறக்கக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினார். நீயும் நல்ல பிள்ளையாகத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பொத்தான்கள் தயார், பதிவும் முடிந்துவிட்டது. போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். நாம் எழுதுவது சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும். பில்ட் என்று கட்டளை கொடுத்தால் கம்ப்யூட்டர் அதையெல்லாம் சேர்த்துக் கட்டி, வெளியே போக வேண்டியதை டிஸ்ட் என்ற இன்னொரு ஃபோல்டரில் வைக்கும். அப்பாவின் டேப்லெட் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த டிஸ்டிலிருந்துதான் நெட் வழியாகக் குரலை எடுக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் அந்த டிஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக நிரப்பும். அதனால் மனிதன் தன் கையால் அங்கே எதையும் வைக்கக் கூடாது, அது இயந்திரத்தின் இடம். பிரதி எடுத்து வைக்கும்போதும் டிஸ்டை விட்டுவிடுவோம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிக்கொள்ளலாமே. முதல் வாரம் வேலைக்கு வந்த பிள்ளைக்கும் இது தெரியும். உனக்குத் தெரியாதா? நீ அத்தனை ஒலியையும் நேராக டிஸ்டில் கொண்டுபோய்ப் போட்டாய். "இப்போதைக்கு ஓடட்டும்மா, அப்புறம் சரியான எடத்துல வச்சுடறேன்" என்றாய். சோர்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒலிக்கென்று நீ வைத்த இடம் காலியாக இருந்ததை நானும் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு பொத்தானாக அமுக்கித் தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஃபோல்டரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் என்ற நாள் வரவே இல்லை. ஓடுகிறதை எதற்குத் தொடுவானேன் என்று நீயும் விட்டாய், நானும் விட்டேன். நன்றாகத்தான் ஓடியது. தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை முன்னால் நின்று, "அண்ணே, நேத்து மீன எந்தலையில கட்டிடாதீங்க" என்ற பொத்தானை அமுக்குவார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் மீனை எடுப்பார். வீட்டில் யாராவது விளக்கை அணைக்காமல் அறையை விட்டு வந்தால் போதும், சோஃபாவிலிருந்து, "யாரு அது, கரண்டு பில் உங்கப்பனா கட்டுறான்?" என்று வரும். கட்டுகிறவரே அவர்தான்.

அந்தக் காலத்தில்தான் நீ ஷாலினியை வீட்டுக்கு அழைத்து வந்தாய். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், நம் தொழில்தான், தமிழில் பாதி ஆங்கிலம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றாள். அப்பா டேப்லெட்டை எடுத்தார். "வாங்க, உக்காருங்க" என்றது அது. உட்கார்ந்தாள். அடுத்து, "கோப்பி ஓ கொசோங் ஒண்ணு" என்றது. காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாமல் கேட்பதற்காகப் பதிவு செய்தது. நான் பதறிப்போய், அட, முதல் தடவை வந்த பெண்ணிடம் என்ன இது என்று எழுந்தேன். அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். "ஓகே அங்கிள், கிச்சன் எங்க?" என்றாள். அதற்குப் பிறகு அவள் எப்போது வந்தாலும் முதலில் அந்தப் பொத்தான்தான். யோசித்துப் பார், அவர் நிஜமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. நமக்கு அது அப்பா குரலின் மிச்சம். அவளுக்கு அதுதான் முழு அப்பாவும்.

அவர் போன பிறகு டேப்லெட்டைத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அதை வெளியே எடுத்தோம். மறுநாள் சாயங்கால விருந்தில் மண்டபத்துத் திரையில் அந்தக் கல்யாணப் பொத்தானைப் பெரிதாக வைத்து, நீயும் அவளும் சேர்ந்து அமுக்குவதாக ஏற்பாடு. யோசனை அவளுடையது. பழைய பொத்தான் சாம்பல் நிறத்தில் அழுது வடிந்துகொண்டிருந்தது, அதற்கு மல்லிகைச் சரம் மாதிரி ஓர் ஓரம் போட்டாள். உன் ஃபோல்டர் அமைப்பு அவளுக்கு உடனே பிடிபட்டது. "நீட்டா வச்சிருக்காரு அத்தை, கல்யாணம்னா கல்யாணம் ஃபோல்டர்தான், தேடவே வேணாம்" என்று உன்னைப் பாராட்டினாள். மாற்றினாள், பில்ட் கொடுத்தாள், பக்கம் அழகாக வந்தது. அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். "அத்தை, சத்தம் வரல" என்றாள்.

டிஸ்டைத் திறந்து பார்த்தேன், ஒலி ஒன்றுகூட இல்லை. நீ வந்தாய், பார்த்தாய். பதிவு செய்த உன் பழைய போனை எப்போதோ கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருந்தாய். அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்து, கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு அது ஜஸ்ட் ஃபைல். எனக்கு அப்பா. யார் உன்ன தொடச் சொன்னா?" என்றாய். மறுநாள் கோயிலில் தாலி கட்டினாய். சாயங்கால விருந்தில் ஒலிபெருக்கிக்காரர், பொத்தான் எப்போது என்று கேட்டபோது அவளே மேடையை விட்டு இறங்கிப் போய், "அது கேன்சல் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்து உன் பக்கத்தில் நின்றாள். கல்யாண ஆல்பம் வந்திருக்கிறது. ஒரு படத்தில்கூட நீ அவளைப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. அன்று சமையலறையில் நின்று அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். என் புருஷனின் குரல் அது, எனக்கு வயிறு எரியாதா? இப்போதும் லிஃப்ட் கதவு திறந்தால் காது அங்கேதான் போகிறது. ஆனால் மனசு ஆறிய பிறகு தொழில்காரியாக யோசித்தேன். இதைக் கட்டுரை கேட்டவர்களும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும். ஷாலினி செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சோர்ஸில் மாற்றினாள், பில்ட் கொடுத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும். டிஸ்ட் என்று பெயர் போட்டிருந்த இடம் டிஸ்டாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், நீ இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாய். சரியாகச் செய்தவளைத்தான் நீ தண்டித்துக்கொண்டிருக்கிறாய். அது உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, என் போனையும் எடுக்க முடியவில்லை. துடைக்கிற இடத்தில் வைத்தது உன் கைதான் என்று உனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, கண்ணு. அப்பா அன்று கேட்டார், உடனே கொடுத்தாய். அவர் சிரித்தார். அந்தச் சாயங்காலத்தை யார் கேட்டாலும் நான் திருப்பித் தரமாட்டேன்.

சனிக்கிழமைதோறும் ஷாலினி எல்ஆர்டி ரயில் பிடித்து என்னைப் பார்க்க வருகிறாள். உனக்குத் தெரியாது. வந்ததும் யாரும் கேட்காமலே சமையலறைக்குப் போய்க் கோப்பி ஓ கொசோங் போடுகிறாள், நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கசப்பைக் குடிக்கிறோம். போன வாரம் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "அத்தை, நானும் அங்கிள் வாய்ஸ ரொம்ப மிஸ் பண்றேன். ஆனா அழிச்சதே நான்தானே, அத சொல்ல எனக்கு ரைட்ஸ் இல்ல" என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று கேட்க வேண்டியது. அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் நான் ஒருத்திதான் மிச்சம். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம் என்று இத்தனை நாள் அடைகாத்தேன், நீ விமானம் ஏறப் போகிறாய். இதைப் போடுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். உன் அப்பா அந்தப் பதிவில் உன்னிடம் பேசவில்லை, தம்பி. "ஏம்மா," என்றுதான் ஆரம்பித்தார். "ஏம்மா, உம் பேரு எனக்குத் தெரியாது. நீ வரும்போது நான் இருப்பனா, அதுவும் தெரியாது. இவன் நல்ல பய. ஆனா கோவம் வந்தா வாயில வர்றத கொட்டிடுவான். கொட்டிட்டு, மன்னிப்பு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயாச்சும் போயி ஒளிஞ்சுக்குவான். சின்னப் புள்ளைல ஸ்டோர் ரூம்ல போயி கதவச் சாத்திக்குவான். நீ தேடிக்கிட்டு போகாத. உந்தப்பு ஒண்ணும் இருக்காது. அவனா வரட்டும். வரலையா, உங்கத்தகிட்ட சொல்லு, அவ காதப் புடிச்சு இழுத்துக்கிட்டு வருவா. நல்லா இருங்க ரெண்டு பேரும்." அவ்வளவுதான். போனை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

சொற்கள் இவைதான், ஒன்று இரண்டு முன்பின் இருக்கலாம். குரலை என்னால் கொண்டுவர முடியவில்லை. யாரும் இல்லாதபோது அவர் மாதிரியே சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அன்று அழிந்தது உன் சொத்து என்று நினைத்துக்கொண்டு அவளோடு பேச்சை நிறுத்தினாய். அது அவளுக்கு வந்தது. அவளுக்கென்று அவர் பேசிய ஒரே பேச்சு. தனக்கு வந்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அந்தப் பெண் கல்யாண மேடையில் நின்றிருக்கிறது, பக்கத்தில் நீ நின்றுகொண்டு அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் எனக்குக் கொடுத்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். கை எட்டாததால் எழுத்தில் காதைப் பிடிக்கிறேன். சனிக்கிழமை ஷாலினி வருவாள். நீ வா. மெல்பர்ன் போ, போகாதே, அது உங்கள் இஷ்டம், இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள். கதவு திறந்துதான் இருக்கும். அவள் எதிரில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல். உன் அப்பா தொண்டையை எடுத்த பிறகும் அவளைப் பார்த்தவுடன் வாங்க என்று சொன்னவர். உன் தொண்டைக்கு என்ன கேடு?

அம்மா